மூட்டைக் குறை சொல்வதற்கு முன் படியை அளந்து பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் பாடத்தை 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் என் அக்கா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். இரண்டு சென்ட் மனையில் தரைத்தளமும் மாடியுமாக அழகாகக் கட்டியிருக்கிறான். பூஜை அறை மாடியில். ஹோமம் முடிந்து தீபாராதனைக்கு எல்லாரும் மேலே போனோம். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால், 76 வயது அக்கா இரண்டு கைகளையும் மேல் படியில் ஊன்றி, தவழ்ந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தாள். கை கொடுக்கப் போனேன். "எனக்கு வயசாயிடுச்சுடா தம்பி. இதுதான் கடைசி. இனிமே சாமிய கீழேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. அந்த வீட்டுக்கு வாங்கிய கடனில் அக்காவின் நகையும் அடக்கம். தன் மகன் கட்டிய வீட்டின் பாதி தனக்கு இல்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். பழியையும் தன் வயதின் மேலேயே போட்டுக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் கொத்தனார் விட்டுப்போயிருந்த டேப்பை எடுத்துப் படியை அளந்தேன். ஒவ்வொரு படியும் எட்டே முக்கால் அங்குலம், அதாவது 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கடைசிப் படி மட்டும் 10 அங்குலம். பிறகு அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து அவள் முட்டி வரை அளந்தேன். 43 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் தன் முழங்கால் உயரத்தில் பாதிக்கு மேல் அவள் காலைத் தூக்கிவைத்து ஏற வேண்டும். ஆறடி உயரமுள்ள அவள் மகனுக்கு அந்தப் படி ஒன்றுமே இல்லை. ஐந்தடிகூட இல்லாத அம்மாவுக்கு அது சுவர்.

(மருமகன் இதைப் படிப்பான். கோபித்துக்கொள்ள மாட்டான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

நான் சொல்ல வருவது இதுதான்: வயதானவர்களால் படி ஏற முடியவில்லை என்றால் "மூட்டுத் தேய்மானம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தேய்மானம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் படி எத்தனை உயரம் என்று யாரும் கேட்பதில்லை. தேய்ந்த மூட்டைப் புதிதாக்க நம்மால் முடியாது. படியின் உயரத்தைத் தீர்மானிப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

சரி, பழைய பழக்கத்தை விட முடியுமா? கரும்பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 மீட்டர் உயர மாடிக்கு ஏறுகிறார். செய்யும் வேலை நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 60 × 9.8 × 3 = 1764 ஜூல். 15 சென்டிமீட்டர் படியாக 20 வைத்தாலும் இதே 1764 ஜூல்தான், 20 சென்டிமீட்டர் படியாக 15 வைத்தாலும் இதே 1764தான். "அப்புறம் என்ன சார், இரண்டும் ஒன்றுதானே?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். மொத்தக் கணக்கில் ஒன்றுதான். ஆனால் முட்டிக்கு மொத்தக் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிவது ஒரு படிக்கான கணக்கு மட்டும்தான். 15 சென்டிமீட்டர் படிக்கு ஒரு தடவைக்கு 88 ஜூல். 22 சென்டிமீட்டர் படிக்கு 129 ஜூல். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதுவும் ஒற்றைக் காலில். 10 கிலோ அரிசி மூட்டையை இரண்டு தடவை தூக்குவதும் 20 கிலோ மூட்டையை ஒரே தடவை தூக்குவதும் கணக்கில் ஒன்றுதான். 70 வயது முதுகு அப்படி நினைக்காது.

இதைவிட முக்கியமானது நெம்புகோல். காலை உயரமான படியில் வைக்கும்போது முட்டி அதிகமாக மடங்கி முன்னால் போய்விடுகிறது. உடலின் எடை பின்னால் நிற்கிறது. எடை இறங்கும் கோட்டுக்கும் முட்டிக்கும் உள்ள தூரம்தான் நெம்புகோலின் நீளமான கை. தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லு வழியாக இழுத்துக் காலை நிமிர்த்துகிறது. அந்தத் தசைக்குக் கிடைக்கும் கை மிகக் குட்டை, சுமார் 4 சென்டிமீட்டர்தான். எடையின் கை 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையைச் சமாளிக்கத் தசை 150 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். படி உயர்ந்து அந்தக் கை 14 சென்டிமீட்டர் ஆனால் 210 கிலோ. இது உதாரணக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போகும் திசை மாறாது. படி உயர உயர மடக்கம் கூடும், இழுவிசை கூடும், முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துவதும் கூடும். சில்லுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு மெலிந்தவர்களுக்கு அங்கேதான் சுருக்கென்று குத்துகிறது. சமதரையில் நன்றாக நடக்கிற பலர், முட்டி வலியை முதன்முதலில் படியில் உணர்வது இதனால்தான்.

அக்கா ஏன் குனிந்து கையை ஊன்றினாள் என்பதும் இப்போது புரியும். உடலை முன்னால் சாய்த்தால் எடை இறங்கும் கோடு முட்டிக்குப் பக்கத்தில் வருகிறது, பாரத்தில் ஒரு பங்கு இடுப்புக்கும் கைக்கும் மாறுகிறது. இயற்பியல் படிக்காமலேயே அவள் உடம்பு சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறது. பார்க்கிற நமக்குத்தான் அது "தள்ளாமை" என்று தெரிகிறது.

இது வெறும் கரும்பலகைக் கணக்கு இல்லை. ஜெர்மனியில் பெர்லினில் ஆய்வாளர்கள், முட்டி மாற்று அறுவைச் சிகிச்சையில் வைக்கும் செயற்கை மூட்டுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியை வைத்து, 5 பேரிடம் நேரடியாக அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். இரண்டு காலில் நிற்கும்போது ஒரு முட்டியின் மேல் விழுவது ஏறத்தாழ உடல் எடை அளவு. சமதரையில் நடக்கும்போது எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது சுமார் 3.2 மடங்கு. இறங்கும்போது சுமார் 3.5 மடங்கு.

கடைசி எண்ணைக் கவனித்தீர்களா? இறங்குவதுதான் அதிகம். "ஏறத்தான் சார் கஷ்டம், இறங்குறது சும்மா வந்துடலாம்" என்பது இளையவர்கள் பேச்சு. இறங்கும்போது மேலே நிற்கும் கால் மெதுவாக மடங்கிக்கொண்டே உடலை பிரேக் பிடித்து இறக்க வேண்டும். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும். படி உயரமாக இருந்தால் பிரேக் பாதியில் விட்டுப்போகும், கீழ்க்கால் பொத்தென்று விழும். மாடியிலிருந்து இறங்கும் பெரியவர்கள் பக்கவாட்டில் திரும்பி, நண்டுபோல் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுப் படியின் உயரம் அதிகபட்சம் 19 சென்டிமீட்டர், மிதிக்கும் அகலம் குறைந்தது 25 சென்டிமீட்டர். பள்ளி, அலுவலகம், மண்டபம் போன்ற கட்டடங்களுக்கு உயரம் அதிகபட்சம் 15, அகலம் குறைந்தது 30. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மாதம் ஒருமுறை போகும் அலுவலகத்துக்குத் தாழ்ந்த படி. தினமும் பத்துத் தடவை ஏறி இறங்கி, அங்கேயே கிழவன் கிழவியாகப் போகிற வீட்டுக்கு உயர்ந்த படி. அதிலும் 19 என்பது தாண்டக் கூடாத எல்லை. நாம் அதை இலக்காக வைத்துக்கொண்டு, பிறகு அதையும் தாண்டி 20, 22 என்று போகிறோம்.

படியை நாம் எண்ணுகிறோம், அளப்பதில்லை. ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று கொத்தனாரிடம் மூன்று தடவை சொல்லுவோம். எத்தனை அங்குலம் என்று ஒரு தடவைகூடக் கேட்க மாட்டோம்.

ஊரைச் சொல்வானேன், நானே செய்த தப்பு இது. 1992-இல் வீடு கட்டும்போது எனக்கு 38 வயது. பத்தடி உயரத்துக்கு 17 படி, படிக்கு 7 அங்குலம் என்று கொத்தனார் குறித்துக் கொடுத்தார். வாசலில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் போதவில்லை என்று, "15 படியாப் போட்டுடுங்க, அதுவும் ஒற்றைப்படைதானே" என்று சொன்ன புத்திசாலி நான்தான். படி 8 அங்குலம் ஆனது. எனக்கு 20 அங்குல இடம் மிச்சம். அந்த ஸ்கூட்டரை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. படி அப்படியேதான் இருக்கிறது. இன்று என் மனைவி வற்றல் காயவைக்க மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நெம்புகோல் தத்துவத்தை 30 வருடம் சொல்லிக்கொடுத்த மனிதன், சொந்த வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

"தாழ்ந்த படி வைத்தால் இடம் தின்னுமே சார்" என்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். 3 மீட்டர் உயரம், நடுவில் லேண்டிங் வைத்துத் திரும்பும் படிக்கட்டு. 20 சென்டிமீட்டரில் 15 படி, மிதி 25 என்றால், நீளமான பக்கத்துக்கு 1.75 மீட்டர் நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டரில் 20 படி, மிதி 30 என்றால் 2.7 மீட்டர். வித்தியாசம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் சேர்ந்த அகலம் 2 மீட்டர் என்றால், கூடுதலாகப் போவது சுமார் 20 சதுர அடி. ஒரு கட்டில் போடும் இடம்கூட இல்லை. அதுவும் முடியாத சின்ன மனையா? 18 படி, படிக்கு 16.7 சென்டிமீட்டர், மிதி 28 என்று நடுவழி பிடியுங்கள். நீளம் 2.24 மீட்டரில் முடிந்துவிடும்.

உயரத்தைக் குறைத்தால் அகலத்தைக் கூட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிளான்டெல் என்ற கட்டடக்கலை அறிஞர் ஒரு சூத்திரம் சொன்னார். இரண்டு மடங்கு உயரத்தோடு மிதி அகலத்தைக் கூட்டினால் ஒரு காலடி நீளம் வர வேண்டும். இன்றைய அளவில் 60 முதல் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். 15-ஐ இரட்டித்து 30-ஐக் கூட்டினால் 60, சரி. எட்டே முக்கால் அங்குலத்தை இரட்டித்து 25-ஐக் கூட்டினால் 69-ஐத் தாண்டுகிறது. தப்பு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பழனிக்குப் போனவர்களுக்கு இதெல்லாம் கால் வழியாகவே தெரியும். 600-க்கு மேற்பட்ட படிகள் உள்ள படிப்பாதை ஒரு பக்கம், சரிவாகவும் அகலமான படிகளாகவும் போகும் யானைப் பாதை இன்னொரு பக்கம். அதே மலை, அதே உயரம், அதே முருகன். ஆனாலும் வயதானவர்கள் யானைப் பாதையைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர்களுக்குத் தெரிந்த விஷயம் இது.

இன்னொன்று, எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இரண்டாவது மூன்றாவது படியிலேயே கால் உயரத்தை மனப்பாடம் செய்துவிடும். பிறகு நாம் பார்த்து ஏறுவதில்லை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் ஒரு படிக்கட்டின் மிக உயரமான படிக்கும் தாழ்ந்த படிக்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. அக்கா வீட்டில் கடைசிப் படி 10 அங்குலம் ஆனது எப்படி? கான்கிரீட் போடும்போது எல்லாம் சமமாகத்தான் இருந்தது. பிறகு மாடித் தரைக்குக் கனமாகக் கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டினார்கள், படிகளுக்கு மெல்லிய கிரானைட் மட்டும் ஒட்டினார்கள். மேலே ஒரு அங்குலத்துக்கு மேல் கூடிவிட்டது. அதே காரணத்தால் கீழே முதல் படி குட்டையாகிவிட்டது. ஏறிக் களைத்த கால் கடைசியில் சந்திப்பது எல்லாவற்றையும்விட உயரமான படியை. என் மாணவர்களில் கட்டட வேலையில் இருப்பவர்கள் குறைந்தது ஒரு டஜன் பேர். தம்பிகளா, தரையின் கனத்தையும் படியின் கனத்தையும் முதலிலேயே கணக்கில் எடுத்துவிட்டு அப்புறம் சென்ட்ரிங் அடியுங்கள். வாத்தியாருக்குச் செய்யும் மரியாதையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எதிர்வாதமும் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையான ஆசிரியன் இல்லை. படி ஏறுவது நல்ல உடற்பயிற்சி. ஏறுவதை அடியோடு விட்டவர்களுக்குத் தொடைத் தசை சீக்கிரம் வற்றும். வற்றினால் முட்டிக்குப் பாதுகாப்பு போய்விடும். வயதாக ஆகத் தசை தானாகவே குறைகிறது, சும்மா இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். "அப்படியானால் உயரப் படி நல்லதுதானே, பயிற்சி அதிகம் கிடைக்கும்" என்று வாதாடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அளவான படி இருந்தால் அக்கா தினமும் ஏறுவாள். அளவு மீறிய படியால் முதல் நாளே ஏறுவதை நிறுத்திவிட்டாள். தாழ்ந்த படி வேண்டும் என்று நான் கேட்பது சோம்பலுக்காக இல்லை, 80 வயதிலும் ஏறிக்கொண்டே இருப்பதற்காக.

ஏற்கெனவே கட்டிவிட்ட வீட்டில் என்ன செய்வது? படியை இடிக்க எல்லாராலும் முடியாது. ஆனால் இவை முடியும்.

ஒன்று: கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஏறும்போது நல்ல கைக்கு வருவது இறங்கும்போது வலிக்கிற கைக்கு வரும். விரல்கள் சுற்றிப் பிடிக்கும்படி உருண்டையாக இருக்கட்டும். கடைசிப் படிக்கு முன்னாலேயே முடிந்துவிடாமல், மேலேயும் கீழேயும் ஒரு அடி நீண்டிருக்கட்டும்.

இரண்டு: முட்டி வலி உள்ளவர்கள் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். "நல்லது மேலே, நோவு கீழே" என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பிறகு அடுத்த படி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று: படியின் விளிம்பில் வேறு நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். பளபளக்கும் ஒரே நிறக் கிரானைட்டில், அதுவும் இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு, விளிம்பு தெரியாது.

நான்கு: முதல் படி உயரமாக இருக்கிறதே என்று நகரும் பலகையையோ செங்கல்லையோ கீழே போடாதீர்கள். போட்டால் அசையாமல் கட்டிப் போடுங்கள்.

ஐந்து: முட்டி வீங்கினாலோ, பிடித்துக்கொண்டாலோ, திடீரென்று கால் விட்டுப்போனாலோ படியைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வெளியேயும் இதே கதைதான். ஓய்வூதியர் நேர்காணலுக்கு நாங்கள் போன ஓர் அலுவலகம் மாடியில் இருந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினோம். கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம் ஒரு தளம், பந்தி இன்னொரு தளம். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் "சர்க்கரை இருக்கு, வீட்ல போய் சாப்டுக்கறேன்" என்பார்கள். காரணம் சர்க்கரை இல்லை, படி. கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் பிள்ளைகளே, ஏ.சி. இருக்கிறதா, பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். பந்திக்கு எத்தனை படி, லிஃப்ட் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். மாற்றம் வராமலும் இல்லை. சென்னையில் 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் கதவுப் பக்கமாகச் சாய்ந்து படியைத் தாழ்த்தும் வசதி அவற்றில் உண்டு. ஒரு பேருந்தே குனிந்து கொடுக்கும்போது, நாம் கட்டும் வீடு கொஞ்சம் குனியக் கூடாதா?

அக்கா வீட்டுக்கு வருகிறேன். மருமகனிடம் டேப்பைக் காட்டி அளவைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "ப்ளான்ல எல்லாம் பாத்தேன் மாமா, இத மட்டும் பாக்கல" என்றான். போன வாரம் சுவர்ப் பக்கமும் கைப்பிடி போட்டிருக்கிறான். கடைசிப் படியின் கிரானைட்டைப் பெயர்த்து, மேலிருந்து மூன்று படிகளில் வித்தியாசத்தைப் பங்கு போட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன். மொத்த உயரத்தைக் குறைக்க முடியாது, அது நடந்து முடிந்த தப்பு. அக்கா இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் மேலே போகிறாளாம், இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து. மற்ற நாளில் கீழேயிருந்துதான் கும்பிடுகிறாள். 6 அங்குலப் படியாக இருந்திருந்தால் தினமும் போயிருப்பாள் என்பது என் எண்ணம்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடித்தால் நான் வாத்தியார் இல்லை. இன்று மாலை ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் வீட்டுப் படியின் உயரத்தையும் மிதியின் அகலத்தையும் அளங்கள். முதல் படி, நடுப்படி, கடைசிப் படி மூன்றையும் தனித்தனியாக. பிறகு வீட்டிலுள்ள மூத்தவரை உட்காரவைத்து முட்டி உயரத்தை அளங்கள். இரண்டையும் கீழே எழுதுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்யுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன், ஃபீஸ் கிடையாது. இன்று அந்தப் படியில் துள்ளி ஏறப்போகிறவர் நீங்கள்தான். 30 வருடம் கழித்து அதே படியில் கையை ஊன்றப்போகிறவரும் நீங்கள்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்